என் பெயரையும் திரும்பச் சேர்க்கவும்

மாமா அவர்களுக்கு,

இஸ்திரி அக்காவின் வேலையைப் பறித்தது நீங்கள். என்னைக் காட்டிக்கொடுத்தவள் ஆக்கியதும் நீங்கள்தான்.

வணக்கம். இது முதல் வரியில் வந்திருக்க வேண்டும். "எடுத்த எடுப்புல சண்டைக்குப் போகாதே, முதல்ல சுகம் விசாரி" என்று அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். ஆகவே விசாரிக்கிறேன். நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அவளுக்கு முழங்கால் வலி மட்டும் இருக்கிறது. உங்கள் ரத்தக்கொதிப்பு அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இதைப் படித்து முடிக்கும்வரை அடங்கியே இருக்கட்டும். அத்தைக்கும் உங்கள் மகளுக்கும் என் அன்பு. சுகம் விசாரித்தாயிற்று.

நீங்கள் சலவைக்கூடத்தின் பணியாளர் அதிகாரி. நான் அங்கே மடிப்பு மேசையில் நிற்பவள். வேலை வாங்கிக் கொடுத்தது நீங்கள்தான் என்பதை அம்மா நினைவுபடுத்தாத நாள் கிடையாது, நானும் மறுக்கவில்லை. ஆனால் உங்களுடைய அறை மாடியில் இருக்கிறது, கண்ணாடி போட்டது, குளிரூட்டியது. அங்கிருந்து பார்த்தால் கீழே வெள்ளை விரிப்புகள் மட்டும் அழகாகத் தெரியும். அந்த விரிப்புகள் மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் என்ன கோலத்தில் வருகின்றன என்று உங்களுக்குத் தெரியாது, தெரிந்தால் மதியம் சாப்பிட மாட்டீர்கள். பின்கதவு எப்போதும் பூட்டியே இருக்கும், ஏனென்றால் நாங்கள் துண்டு திருடுவோம் என்பது நிர்வாகத்தின் நம்பிக்கை. சாவி மேற்பார்வையாளரிடம் இருக்கும். வாயைத் திறந்து யாரையும் கூப்பிடாமல் ஊதியே கூப்பிடுவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் விசில். போன மாதம் விரிப்புகளை இஸ்திரி போடும் சூட்டு உருளையில் இஸ்திரி அக்காவின் கை மாட்டி வெந்தது. கையைக் காட்டக்கூடிய ஒரே தண்ணீர்க் குழாய் பின்கதவுக்கு வெளியே இருக்கிறது. அக்கா கதவில் தலையை முட்டிக்கொண்டு அலறினாள். விசில் சட்டைப் பையில் தேடினார், கால்சட்டைப் பையில் தேடினார், மேசை இழுப்பறையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சாவி அவர் கழுத்திலேயே, விசில் தொங்கிய அதே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவு திறந்தபோது அக்காவின் உள்ளங்கைத் தோல் உருளைத் துணியோடு போயிருந்தது.

அதற்குப் பிறகுதான் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, பின்கதவை வேலை நேரத்தில் திறந்து வையுங்கள் என்று மனு கொடுத்தோம். ஒரே ஒரு கோரிக்கை. ஒரு வாரம் கழித்து நீங்களே கீழே இறங்கி வந்தீர்கள். நாங்கள் இயந்திரங்களை நிறுத்திவிட்டு நின்றோம்.

"உங்க கோரிக்கையை நிர்வாகம் பரிவோட பரிசீலிச்சிருக்கு. இன்னைலேர்ந்து உங்க எல்லாருக்கும் இலவச வைஃபை."

சோப்புப் பொடி அள்ளிப் போடும் பெரியவர், பொடிக்காரர், அவருக்குக் காது மந்தம் என்பதால் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "ஐயா, நாங்க கேட்டது கதவுங்க."

"கதவைத் தொறந்தா காத்துதான்யா வரும். இதுல உலகமே வரும்" என்றீர்கள்.

கைதட்டியது விசில் மட்டும்தான். ஆனாலும் எல்லோரும் வரிசையில் நின்றோம், பொய் சொல்வானேன், நானும் நின்றேன். பாஸ்வேர்டை எங்களிடம் சொன்னால் தெருவுக்கே சொல்லிவிடுவோம் என்று நீங்களே ஒவ்வொரு ஃபோனாக வாங்கி, திரையைக் கையால் மறைத்துக்கொண்டு, தட்டிக் கொடுத்தீர்கள். 'தானாக இணை' என்று ஒரு கட்டம் வருமே, அதிலும் நீங்களே டிக் போட்டீர்கள். "ஒவ்வொரு தடவையும் நீங்க சிரமப்பட வேணாம் பாருங்க" என்று அக்கறையாகச் சொன்னீர்கள். பிறகு உங்கள் அறைக் கணினியில் ஒவ்வொரு ஃபோனுக்கும் எதிரே ஆளின் பெயரையும் பிரிவையும் எழுதி வைத்தீர்கள். எங்கள் வீட்டில் கோழிகளுக்குக்கூட நாங்கள் இப்படிக் காலில் வளையம் மாட்டியதில்லை.

கதவு பூட்டியே கிடந்தது. ஆகவே விடுமுறை நாளில் கூடிப் பேசுவது என்று முடிவாயிற்று. இடம், சலவைக்கூடத்துக்குப் பின்னால் ஒட்டினாற்போல இருக்கும் தையல் கடையின் மேல் அறை. தையற்காரர் இஸ்திரி அக்காவின் ஒன்றுவிட்ட அண்ணன், வாடகை கேட்கவில்லை. நாங்கள் எடுத்துக்கொண்ட முன்னெச்சரிக்கைகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் மாமா. ஒன்றாக வரக் கூடாது. வருகிறவர்கள் கையில் தைக்கக் கொடுப்பதுபோல ஒரு துணி வைத்திருக்க வேண்டும். பொடிக்காரர் வீட்டு ஜன்னல் திரையைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார், தையற்காரர் நிஜமாகவே அளவெடுத்துவிட்டார். பேச்சை யாரும் பதிவு செய்துவிடக் கூடாது என்று எல்லா ஃபோன்களையும் வாங்கி, ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு, மேலே ஈரத்துண்டைப் போர்த்தி, வாளியைக் கொண்டுபோய்ச் சுவர் ஓரமாக வைத்தோம். அந்த யோசனை என்னுடையது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் சரக்கு அனுப்பும் பகுதி. அங்கேதான் உங்கள் வைஃபை பெட்டி மாட்டியிருக்கிறது. நாங்கள் குரலைத் தணித்துக்கொண்டு, கூடத்துக் காவல்காரர் காதில் விழுந்துவிடுமோ என்று கதவுக் குறுக்கே கோணியை அடைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம், வாளிக்குள்ளே எங்கள் ஃபோன்கள் ஒன்று பாக்கியில்லாமல், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், பழகிய மாடு கொட்டிலுக்குள் புகுகிற மாதிரி உங்களிடம் போய்ச் சேர்ந்து, உள்ளேன் ஐயா சொல்லிவிட்டன.

மறுநாள் காலை உங்கள் திரையில், கூடம் பூட்டிக் கிடந்த நாளில், பின்சுவர் வைஃபை பெட்டியில் சேர்ந்தவர்களின் பட்டியலில், எங்கள் பெயர்களும் பிரிவுகளும் நீங்கள் தட்டச்சு செய்த அதே எழுத்துகளில். உங்களுக்கு அதற்குமேல் வேலையே இல்லை. மாடிக்கு ஒவ்வொருவராக அழைத்து, "தையல் கடை மாடில என்ன விசேஷம்?" என்று கேட்டால் போதும். கேட்டீர்கள். எல்லோருக்கும் எச்சரிக்கைக் கடிதம். கையில் கட்டோடு வந்த இஸ்திரி அக்காவுக்கு மட்டும் வேலை நீக்கம்.

என்னை மட்டும் கூப்பிடவில்லை.

எனக்கு அப்போது புரியவில்லை மாமா. என் முறை வரும், வரும் என்று கையைத் துடைத்துக்கொண்டு மாடிப்படியையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன பதில் சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், நல்ல காரசாரமான பதில். விசில் ஊதி ஊதி எல்லோரையும் அனுப்பினார், மாலை மணி அடித்தது, அவ்வளவுதான். அன்றைக்கே எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். அதிகாரியின் அக்கா மகள். கூட்டத்தில் இருந்தாள். அவளுக்கு மட்டும் கடிதம் இல்லை. நானே அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் முடிவு செய்திருப்பேன்.

ஒரு பெரிய விரிப்பை மடிக்க ரெண்டு பேர் வேணும் மாமா. நீங்க பார்த்திருக்க மாட்டீங்க, அதனால சொல்றேன். ஒருத்தி இந்த முனையைப் பிடிக்கணும், எதிர்ல ஒருத்தி அந்த முனையைப் பிடிக்கணும், இழுத்து உதறி, கிட்ட வந்து முனைகளைச் சேர்க்கணும். இப்போ என் விரிப்போட மறுமுனையை யாரும் பிடிக்கிறதில்லை. யாரும் திட்டலை, சண்டை போடலை, இத்தனை நாள் எதிர்ல நின்னு மடிச்சவ கழிப்பறைக்குப் போறேன்னு போனா, திரும்பி வந்து வேற மேசைக்குப் போயிட்டா. நான் ஒரு முனையை அலமாரிக் கதவுல சொருகி, இன்னொண்ணைத் தாடையில இடுக்கி, குரங்காட்டம் ஆடிக்கிட்டு மடிக்கிறேன். மடிச்ச விரிப்பு கோணலா இருக்குன்னு விசில் ஊதுறார். சாப்பாட்டு நேரத்துல நான் போய் உக்கார்ந்தா பெஞ்சு காலியாயிடுது. இஸ்திரி அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் தொறந்து, கட்டுப் போட்ட கையைக் காட்டி, "இதையும் போய் உன் மாமாகிட்ட சொல்லிடு"ன்னு சாத்திட்டா.

எப்படித் தெரிஞ்சதுன்னு எனக்கு மண்டை காஞ்சுது. தையற்காரர் மேல சந்தேகப்பட்டேன், பாவம் அந்த மனுஷன் ஜன்னல் திரைக்கு ஓரம் அடிச்சுக்கிட்டு இருந்தார். அவர் கடை மாடில போய்த் தனியா உக்கார்ந்தேன். கையில ஃபோன். நான் தொடவே இல்லை மாமா, சும்மா பார்த்துக்கிட்டு இருக்கேன், மேல ஒரு ஓரத்துல விசிறியாட்டம் அந்த வைஃபை குறி வந்து நிக்குது, கூடத்தோட பேரு. அப்பதான் விளங்குச்சு. என் வாளி யோசனை எவ்வளவு அருமையான யோசனைன்னும் விளங்குச்சு.

மறுநாள் உடை மாத்துற அறையில எல்லார்கிட்டயும் சொன்னேன். நான் சொல்லலை, நம்ம ஃபோனுங்கதான் சொல்லுச்சுன்னு.

"ஓஹோ. ஃபோனுக்கு வாய் முளைச்சிடுச்சா?"

"எங்க ஃபோனு சொல்லுச்சு, சரி. உன் ஃபோனு மட்டும் ஊமையா?"

"குடுங்கக்கா, அந்தத் தானாக இணையை அணைச்சுக் குடுக்குறேன்"னு கையை நீட்டினேன். "பாத்தியா, இப்போ ஃபோனையே கேக்குறா!"ன்னு ஆளாளுக்கு இடுப்புல சொருகிக்கிட்டாங்க. பொடிக்காரர் மட்டும் குடுத்தார். அவருக்கு நடந்த சண்டை பாதி காதுல விழலை. அந்த வைஃபையையே மறந்துடுன்னு ஃபோன்கிட்ட சொல்லிடவான்னு கத்திக் கேட்டேன். "மறந்துட்டா திரும்ப எப்படிம்மா? பாஸ்வேர்டு அவர்கிட்டல்ல இருக்கு? பேத்தி படம் அனுப்புவா"ன்னார். சரின்னு டிக்கை மட்டும் எடுத்துவிட்டேன். இனிமே வேணும்னா அவரே தட்டிச் சேரணும், அதுவா போய்ச் சேராது. அவர் ஃபோன்ல பார்த்தா பேருந்து நிலையம், மருந்துக் கடை, எப்பவோ தங்கின ஏதோ விடுதின்னு ஒரு கூட்டமே தானாகச் சேர வரிசையில நிக்குது. "அதே பேரை வெச்சுக்கிட்டு எவனாவது ஒரு பெட்டியோட பக்கத்துல வந்து நின்னாலும் உங்க ஃபோன் ஏமாந்து ஓடிடலாம், தாத்தா"ன்னு சொன்னேன். அவர் யோசிச்சுட்டு, "இவ்வளவு வெகுளியா இருக்கே, இதைப் போய் ஆயிரக்கணக்குல குடுத்து வாங்கினேனே"ன்னார். இத்தனை நாள்ல என்கிட்ட ஒருத்தர் கோபமில்லாம பேசினது அது ஒண்ணுதான்.

என் ஃபோன் மட்டும் ஏன் ஊமைங்கிறது நேத்துதான் தெரிஞ்சுது. நீங்க அம்மாவுக்கு ஃபோன் பண்ணி, "உன் பொண்ணு பேரு முதல்லயே இருந்துச்சு. மேலிடத்துக்குக் காட்டுறதுக்கு முன்னாடி நான் அழிச்சுட்டேன். அவகிட்ட சொல்லிடாதே"ன்னீங்களாம். ஃபோனை வைத்த கையோடு அம்மா என்னிடம் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அழுதாள், என் தம்பிக்கு எவ்வளவு பாசம் பார் என்று. நானும் அழுதேன், வேறு காரணத்துக்காக.

மாமா, நீங்கள் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. மற்றவர்களை எழுதிய அதே கையால் என்னை அழித்தீர்கள், இரண்டையும் சிரமம் பாராமல் செய்தீர்கள். உங்கள் கருணை வந்து விழுந்த இடத்தில்தான் நான் இப்போது ஒற்றை ஆளாக விரிப்பு மடித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேண்டியது ஒன்று. நீங்கள் உடை மாற்றும் அறைக்கு வந்து, எல்லோரும் இருக்கும்போது, சொன்னது இவள் இல்லை, இவள் பெயரும் இருந்தது, அழித்தவன் நான் என்று சொல்ல வேண்டும். என் பெயரைத் திரும்பச் சேர்க்க வேண்டும். எனக்கும் எச்சரிக்கைக் கடிதம் தர வேண்டும். இஸ்திரி அக்காவுக்குக் கொடுத்த வேலை நீக்கத்தைத் திரும்பப் பெற வேண்டும், அது முடியாது என்பீர்கள், எழுதியாவது வைக்கிறேன்.

இது மாமாவுக்கும் மருமகளுக்கும் இடையில் மட்டும். நீங்கள் பெயரை அழித்தது மேலிடத்துக்குத் தெரிந்தால் உங்கள் வேலைக்கு ஆபத்து என்று அம்மா கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். என் மூலமாக ஓர் ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது. நீங்களாகவே வந்து சொல்லும்வரை பொறுத்திருப்பேன். உங்கள் ஆசீர்வாதத்தை இந்த முறை கேட்கவில்லை, போன முறை கொடுத்ததே இன்னும் தீரவில்லை. நீங்கள் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், அந்தக் கதவு திறப்பதைப் பார்க்கும்வரையாவது.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பி.கு.: கையெழுத்தில் எழுதினால் கோபம் தெரியும் என்பதால் உங்கள் மகளின் மடிக்கணினியை இரவல் வாங்கி, இன்று விடுப்பு போட்டு, தையல் கடை மாடியில் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். இந்தப் பின்குறிப்பு மட்டும் பேனாவால், தனித் தாளில். தெருமுனைக் கடையில் அச்செடுக்க வேண்டும் என்று சேமிக்கப் போய், கை தவறி அச்சிடு என்பதை அழுத்திவிட்டேன். 'அச்சிடப்பட்டது' என்கிறது. இங்கே தாள் எதுவும் வரவில்லை. உங்கள் மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அப்பாதான் என் கல்லூரி வேலையெல்லாம் ஆபீஸ்ல அச்செடுக்கச் சேர்த்துக் குடுத்தாரு, அங்க பக்கத்துல வந்தா மடிக்கணினி அதுவே வைஃபைல சேர்ந்துக்கும்"னு சொல்றா. நான் ஊரார் ஃபோனையெல்லாம் பார்த்தேன், இதைப் பார்க்கலை. சரக்குப் பகுதி அச்சு இயந்திரம் ஓடுற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் நல்லாவே கேட்டுச்சு. இப்போ நின்னுடுச்சு. உருளைச் சத்தமும் நின்னுடுச்சு. பொடிக்காரருக்காக யாரோ என் கடிதத்தை உரக்க வாசிக்கிறாங்க. மேலே நான் கொடுத்த வாக்கெல்லாம் வாபஸ். மாமா, உங்களைத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், ஃபோனை எடுங்க. எடுத்து, அது உண்மைதான்னு அவங்ககிட்ட சொல்லுங்க. உங்க ஃபோன்ல மணி அடிக்குது, எடுங்க மாமா.