மாமன் மடி இல்லாமல் போட்ட ஊசி

கீரமங்கலம்,
புதன்கிழமை மாலை.

பெருமதிப்புக்குரிய மச்சான் திருப்பதி அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் ஏகாம்பரம் வணக்கத்தோடு எழுதுவது. இங்கு நானும் பாப்பா பிரகதீஸ்வரியும் நலம். சிங்கப்பூரில் நீங்களும் நலமாக இருந்து, இதைப் படித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பாப்பாவுக்கு இன்று ஊசி குத்தியாகிவிட்டது, உங்கள் மடி இல்லாமல். என் மடியில் உட்கார வைக்காமல் அக்கா தன் மகனுக்குக் காது குத்தினாள் என்று மூன்று வருடம் அவள் வாசலை மிதிக்காதவன் நான். தாய்மாமன் மனசு எனக்குத் தெரியாதா? காதில் குத்தினால் என்ன, கையில் குத்தினால் என்ன, குத்து குத்துதானே என்று இரண்டு புதன்கிழமை உங்களுக்காகத் தள்ளிப்போட்டேன். உங்கள் தங்கை இந்துமதி திருச்சிக்குப் பயிற்சிக்குப் போகும்போது என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போன ஒரே வேலை இந்த ஒன்பதாம் மாத ஊசி. அதற்குள் அடுத்த தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு மணல்வாரி அம்மை. பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று காலை நர்ஸ் அபிராமி வீட்டுக்கே வந்து, "மாமன் சீர் கொண்டாரட்டும்னு மணல்வாரி வாசல்ல நிக்குமா? ஒலகம் பூரா பிள்ளைகளுக்கு இந்த ஊசி போடுறாங்க, எந்த நாட்டுலயும் மாமனைத் தேடலைங்க. கெளம்புங்க!" என்றார். உங்களுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல், நீங்கள் போன தடவை விட்டுப்போன கட்டம்போட்ட சட்டையை அங்கன்வாடியில் என் மடிமேல் விரித்து, அதன்மேல் பாப்பாவை உட்கார வைத்தேன். அதைப் பார்த்த ராக்காயி, "எந்தம்பி பொன்னமராவதியிலேருந்து வரணும், செத்த பொறுங்க" என்று பிள்ளையோடு வரிசையை விட்டு நகர, இன்னும் நாலு பேர் தம்பிமாருக்குப் போன் போட, அபிராமி பார்த்த பார்வையில் எனக்கே காய்ச்சல் வந்தது. கடைசியில் எல்லா மாமன்மாருக்கும் பதிலாக உங்கள் சட்டைதான் மடிக்கு மடி மாறிப் போனது. ஆறு பிள்ளைகளுக்கும் ஊசி முடிந்தது. நாலு பேர் சட்டையை நனைத்துவிட்டார்கள். பாப்பா அழுகையை நிறுத்திய பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. இதை மனசில் வைத்துக்கொண்டு காதுகுத்துக்கு வராமல் இருந்துவிடாதீர்கள், மச்சான்.

குலசாமி உங்களுக்கு நல்ல உடம்பும் நிறைய லீவும் பெரிய மனசும் தரட்டும்.

மன்னிப்பை எதிர்பார்த்து,
ஏகாம்பரம்.

பி.கு.: இந்துமதி வந்துவிட்டாள். இதைப் படித்துச் சிரித்தவள், சாமி படத்துக்குப் பின்னால் நான் பத்திரமாக வைத்து ஒருநாளும் விரித்துப் பார்க்காத தடுப்பூசி அட்டையை எடுத்துக் காட்டினாள். பிரசவத்துக்கு உங்கள் வீட்டில் இருந்தபோதே மாமன் மடி இல்லாமலே நாலு தடவை ஊசி போட்டாயிற்றாம். பிறந்த அன்று போட்ட முதல் ஊசிக்கு, லீவில் வந்திருந்த நீங்களும் பக்கத்தில் இருந்தீர்களாம். ஊசியைக் கண்டதும் ஓடிப்போய் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டீர்களாம். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அடுத்த ஊசி பதினாறாம் மாதம். நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம், இன்னொரு சட்டை அனுப்பினால் போதும்.