தவுக்கேயின் பித்தமும் என் இருபத்தைந்தாம் காவடியும்

ஸ்கூடாய்,
சனிக்கிழமை, மத்தியானம்

மதிப்பிற்குரிய மச்சான் மனோகரன் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் ஐயாசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், தங்கள் தங்கை செல்லம், நாய் தவுக்கே ஆகிய மூவரும் நலம். மூவரில் இருவர் நலம் என்பதற்குக் கையில் காகிதமும் உண்டு. மெர்சிங்கில் தாங்களும் அக்காவும் நலமாக இருக்கவும், படகுகள் நிறைந்து திரும்பவும், மீன் பெட்டிகளுக்கு ஐஸ் தட்டாமல் கிடைக்கவும் முருகனை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

வாட்ஸ்அப்பில் எழுதாமல் இதைத் தபாலில் அனுப்பக் காரணம் உண்டு. வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு நீங்கள் மீன் விற்கப் போய்விடுவீர்கள். முப்பத்திரண்டு வருடம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவன் நான். தோற்ற செய்தி ஒரு மனிதனுக்கு உறையில் வந்தால்தான் அதற்கு ஒரு கனம் இருக்கும். ஆம் மச்சான், நீங்கள் தோற்றுவிட்டீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து படியுங்கள்.

தீபாவளியன்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், இருபது பேர் முன்னால், மூன்றாவது ஆட்டுக்கறித் துண்டை எடுத்துக்கொண்டே நீங்கள் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "மாப்பிள்ளைக்கு இந்த வருஷம் காவடி இல்ல லா, ஊசிதான். கன்னத்துல வேல் குத்திக்கிற ஆளு, வயித்துல இன்சுலின் குத்த பயப்படுறாரு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் டாக்டர் வாசுகி அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். மூன்று மாதச் சர்க்கரையை ஒரே எண்ணில் காட்டும் பரிசோதனையில் எனக்கு ஒன்பது புள்ளி நாலு. "அங்கிள், இந்த நம்பரோட அலகு குத்துனா புண்ணு ஆறாது. தைப்பூசத்துக்கு முன்னாடி ஏழுக்குக் கீழ கொண்டாங்க. இல்லன்னா ஊசி ஆரம்பிக்கணும், காவடியும் கூடாது." இது எனக்கு எவ்வளவு பெரிய இடி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செல்லம் ஜேபி நகரத்து மருத்துவமனையில் பதினொரு நாள் கண் திறக்காமல் கிடந்தபோது வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நீங்கள்தான். இருபத்தைந்து வருடம் அலகுக் காவடி எடுக்கிறேன் என்று நான் வேண்டிக்கொண்டதை உங்கள் காதால் கேட்டீர்கள். இருபத்து நாலு முடிந்துவிட்டது. ஒன்றே ஒன்று மிச்சம். அதை முடிக்காமல் நின்றுவிடுவேனோ என்று மூன்று மாதம் நான் நிஜமாகவே பயந்துபோயிருந்தேன்.

நீங்கள் அன்றைக்கு ஒரு வைத்தியமும் சொன்னீர்கள். "வாயக் கட்டுங்க, கால அவுத்துவிடுங்க, வேற ஒண்ணும் வேணாம். உங்க சக்கரை ஏழுக்குக் கீழ எறங்கட்டும், நான் வெறுங்காலோட பால்குடம் தூக்கிட்டு உங்க பின்னாலயே வரேன்." மச்சான், அந்த வைத்தியம் இல்லாமலே இறங்கியாகிவிட்டது. முழுக்க முழுக்க விஞ்ஞானம். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

தவுக்கேயை உங்களுக்குத் தெரியும். முதலாளி என்று பெயர் வைத்ததற்குத் தகுந்த வயிறு அதற்கு. தீபாவளிக்கு மறுநாள் அது ஆட்டு எலும்பெல்லாம் வாந்தி எடுத்ததால் மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஸ்கேன் செய்து பார்த்து, பித்தப்பையில் சேறு மாதிரி கட்டியிருக்கிறது, கொழுப்பும் அதிகம் என்றார். அங்கே சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இங்கே பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வாம். ஒரே வீட்டில் இருக்கும் கொழுத்த மனிதனும் கொழுத்த பிராணியும் ஜோடியாகச் சேரலாமாம். செல்லம் அதைப் படித்துவிட்டு என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் சேர்ந்துவிட்டேன்.

ஆய்வை நடத்துவது நர்மதா என்ற பெண். கெட்டிக்காரி. எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "அங்கிள், ஈரல் கொலஸ்ட்ரால்ல இருந்து பித்த அமிலம் செய்யுது. எண்ணெய்யக் கரைக்க மட்டும்தான் அதுன்னு ரொம்ப நாளா நெனச்சாங்க. இப்ப பாத்தா அது தகவலும் கொண்டுபோகுது. குடல்ல இருக்கிற நுண்ணுயிருங்க அத எடுத்து, பிரிச்சு, மாத்தி விடுதுங்க. உடம்பு அதப் படிச்சுதான் சக்கரைய என்ன செய்யலாம், கொழுப்ப என்ன செய்யலாம்னு முடிவெடுக்குது. நாய்க்கும் ஏறக்குறைய அப்படித்தான்." பித்தத்தில் பெரும்பகுதி குடலின் கடைசியில் மறுபடி உறிஞ்சப்பட்டு ஈரலுக்கே திரும்பிவிடுமாம். மச்சான், எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. கடிதம் புறப்படுகிறது, வழியில் கோடி பேர் அதைப் பிரிக்கிறார்கள், பட்டுவாடா ஆகாதது அனுப்பியவருக்கே திரும்புகிறது. ஓய்வு பெற்று ஆறு வருடமாக நான் ஏங்கிக்கொண்டிருந்த தபால் நிலையம் என் வயிற்றுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறது. ஆள் சேர்க்கை சரியில்லை, அவ்வளவுதான் கோளாறு. அந்த ஆட்களை அனுப்பத்தான் காப்ஸ்யூல். எனக்கு ஒரு டப்பா, தவுக்கேக்கு ஒரு டப்பா. சில டப்பாக்களில் நல்ல நுண்ணுயிர் இருக்கும், சிலவற்றில் ஒன்றும் இருக்காது, எது யாருக்கு என்று முடியும்வரை அவர்களுக்கே தெரியாது என்று நர்மதா சொன்னாள். எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. காப்ஸ்யூல் உள்ளே போன அரை மணியில் வயிற்றில் கடமுடவென்று சத்தம். புது ஆட்கள் வேலைக்கு வந்துவிட்டார்கள்.

வாரம் ஒரு முறை இரண்டு பேருடைய மலத்தையும் ஒரே காலையில் பிடித்து, ஐஸில் வைத்து, ஒப்படைக்க வேண்டும். என்னுடையதில் சிரமமில்லை. தவுக்கேயை இதுவரை பின்சந்தில் அவிழ்த்துவிடுவோம், அது சாக்கடையோரம் முடித்துக்கொண்டு வந்துவிடும். ஆய்வுக்குச் சாக்கடைச் சரக்கு ஆகாது, புல்லில் இருந்து எடுக்க வேண்டும். சங்கிலி போட்டுக் கூட்டிக்கொண்டு போனால் இந்த நாய்க்கு எங்கள் குடியிருப்பில், இந்தத் தாமானில், எந்தப் புல்லும் பிடிக்கவில்லை. அடுத்த தாமானிலும் பிடிக்கவில்லை. அதற்கும் அடுத்த தாமானில், மேட்டுக்கு மேலே, பந்து விளையாடும் திடலின் கோல் கம்பத்துக்குப் பின்னால்தான் அதற்கு மனம் இரங்குகிறது. போக இரண்டரைக் கிலோமீட்டர், வர இரண்டரை. வாரத்துக்கு ஒரு நாள் போதாதா என்றால், ஒரு முறை அந்த இடத்தைப் பார்த்த பிறகு அது மற்ற நாள்களிலும் வேறெங்கும் உட்கார மறுத்துவிட்டது. ஆகவே தினமும் காலை ஆறரைக்கு, கையில் பிளாஸ்டிக் பையோடு, கோல் கீப்பர் மாதிரி நான் அங்கே நின்றிருக்கிறேன். விஞ்ஞானத்துக்காக எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஐஸில் வைப்பது அடுத்த பிரச்சினை. முதல் வாரம் மார்ஜரின் டப்பாவில் போட்டு, இறுக்கி மூடி, குளிர்பெட்டியில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். செல்லம் ரொட்டிக்குத் தடவ அதை எடுத்தாள். அதற்குப் பிறகு நடந்ததை எழுதுவது அவ்வளவு மரியாதையாக இருக்காது. அன்று மாலை முதல் நீங்கள் தீபாவளிக்கு வஞ்சிரம் கொண்டுவந்த நீலப் பெட்டியைப் பயன்படுத்தி வருகிறோம். நல்ல பெட்டி மச்சான், ஐஸ் உருகுவதே இல்லை. பல்கலைக்கழக வாசலில் காவலாளி என்னை நிறுத்தி, "இக்கான் கா பாக்சிக்?" என்று, உள்ளே மீன்தான் என்ற ஆசையில் கேட்டார். "புக்கான்", மீன் இல்லை என்றேன். நம்பாமல் மூடியைத் திறந்தார். அன்று முதல் என் வண்டி தூரத்தில் வரும்போதே தடுப்புக் கம்பு தானாக மேலே போகிறது, மனிதர் வேறு பக்கம் பார்த்து சலாம் வைக்கிறார்.

சாப்பாட்டை மாற்றக்கூடாது என்பது ஆய்வின் கண்டிப்பான விதி. தினமும் ஒரு படிவம். 'உணவில் ஏதேனும் மாற்றம் உண்டா?' நான் நேர்மையானவன். மார்கழிக்கு முன்னாலேயே காவடி விரதம் தொடங்கியாகிவிட்டது. ஒரு வேளைச் சாப்பாடு, கீரை, பருப்பு, மோர், மாலையில் ஒரு பழம். இருபத்து நாலு வருடமாக இந்த நாள்களில் நான் சாப்பிடுவது இதுதான். எனவே நாற்பத்தெட்டு நாளும் 'மாற்றம் இல்லை, வழக்கம் போல' என்று எழுதினேன். முன்பெல்லாம் விரதச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு கிண்ணம் சேமியா பாயசம் உண்டு. இந்த வருடம் செல்லம் அதை வைக்கவில்லை. அது அவள் முடிவு, நான் செய்த மாற்றமல்ல, ஆகவே எழுதவில்லை.

இனி வெற்றிச் செய்தி. நேற்று டாக்டர் வாசுகி பரிசோதனைத் தாளைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஆறு புள்ளி ஒன்பது. "அங்கிள், என்ன செஞ்சீங்க? மாத்திரைய மட்டும் விட்டுறாதீங்க. ஊசி இப்ப வேணாம். காவடி எடுங்க, ஆனா புண்ண மூணு நாள்ல வந்து காட்டணும்." நான் கிளினிக் வாசலில் நின்று அழுதேன் மச்சான், அதை மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து செல்லத்திடம் தாளைக் கொடுத்தேன். அவள் போய்ச் சாமி அறையில் இருந்த அலகு வேலை எடுத்துப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். ஏழு கிலோ இறங்கியிருக்கிறேன். காவடி இடுப்புப் பட்டையில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருக்கிறது. எல்லாம் அந்தக் காப்ஸ்யூல். வாயைக் கட்டவில்லை, காலை அவிழ்த்துவிடவில்லை, கீழ்க்கடலில் மீன் பிடிக்கிறவர்களின் வைத்தியம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆகையால் வாக்குப்படி வருகிற ஞாயிறு பூசத்தன்று காலை ஐந்து மணிக்கு ஜேபி முருகன் கோயிலில் வெறுங்காலோடு இருக்கவும். பால்குடம் பித்தளையாக இருக்கட்டும், அலுமினியம் வேண்டாம். உங்கள் வயிற்றையும் நான் தீபாவளியன்று கவனித்தேன். மிச்சமிருந்த பன்னிரண்டு காப்ஸ்யூல்களை, நர்மதாவிடம் சொல்லாமல், இத்துடன் வைத்திருக்கிறேன். வேளைக்கு ஒன்று போடவும். சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் எல்லாரும் வயிறும் மனமும் கெடாமல் நூறு வயது இருக்க முருகன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற மைத்துனன்
ஐயாசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்தில் நர்மதா கூப்பிட்டாள். ஆய்வு முடிந்து டப்பா ரகசியத்தைத் திறந்துவிட்டார்களாம். நுண்ணுயிர் இருந்தது தவுக்கேயின் டப்பாவில். அதற்குப் பித்த அமிலம் அருமையாக மாறியிருக்கிறது, சேறும் குறைந்திருக்கிறதாம். என் டப்பாவில் இருந்தது சோளமாவு. பிறகு, "அங்கிள், வழக்கம் போலன்னா தினம் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். விரதமும் மாற்றத்தில் சேருமாம். என் கணக்கை மட்டும் ஆய்விலிருந்து நீக்கிவிடுகிறார்கள். நாயை வைத்துக்கொள்கிறார்கள்.

செல்லம் அலகு வேலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "மருந்து நாய்க்குப் போயிருக்கு. ஒங்களுக்கு நாய்தான் மருந்து." ஒரு நாளைக்கு ஐந்து கிலோமீட்டர், ஒரு வேளைச் சாப்பாடு என்று விரல் விட்டு எனக்கு எண்ணியும் காட்டினாள். அந்தப் பன்னிரண்டு காப்ஸ்யூல்களை அக்கா குழம்பைக் கெட்டியாக்கப் பயன்படுத்திக்கொள்ளலாமாம். நீலப் பெட்டியை மூன்று முறை கழுவிவிட்டோம். வேண்டுமென்றால் தருகிறோம், வேண்டாம் என்றால் புரிந்துகொள்வோம்.

கடிதத்தைத் திருப்பி எழுதப் பொறுமையில்லை. 'முழுக்க முழுக்க விஞ்ஞானம்', 'எல்லாம் அந்தக் காப்ஸ்யூல்' என்று வரும் இரண்டு இடங்களை மட்டும் அடித்துவிட்டு வாசிக்கவும். டாக்டர் எழுதிய எண் மாறவில்லை, இருபத்தைந்தாவது காவடியும் மாறவில்லை. நீங்கள் சொன்ன வைத்தியம்தான் பலித்தது என்று ஒப்புக்கொள்ளும் இந்தப் பின்குறிப்பை யாரிடமும் காட்டாமல் இருந்தால், நீங்கள் செருப்புப் போட்டுக்கொண்டு வந்தாலும் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். கன்னத்தில் வேல் இருக்கும், திரும்பவும் முடியாது.