தலைக்குள்ளால் தெரிந்த வானம்

என் மனைவி என்னைக் கலியாணம் செய்யச் சம்மதித்தது, எனக்குத் தலையே இல்லாத ஒரு படத்தைப் பார்த்துத்தான். இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணீர் ஆறுவதற்குள் அவள் சொல்லிவிடுவாள்.

எண்பதுகளின் கடைசி. லண்டன் வெம்பிளியில் ஒரு வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். எனக்குப் பெற்றோல் அடிக்கும் செட்டில் வேலை. அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகாமல் கிடந்தது. வயது முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் அக்கா எனக்குச் சுகந்தி என்ற பெண்ணைப் பேசிக்கொண்டிருந்தாள். சாதகம் பொருந்திவிட்டது. பெண்ணின் படத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு நான் மனத்துக்குள் குடும்பமே நடத்திக்கொண்டிருந்தேன். (இது அவளுக்கு இன்னும் தெரியாது. வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும்.) அந்த நேரம் பார்த்து அக்காவின் கடிதம் வந்தது.

"தம்பி, கனடாவிலை இருந்தும் ஒரு மாப்பிள்ளை பகுதி பொம்பிளையைக் கேக்கினமாம். சிவப்புக் காரிலை சாய்ஞ்சு நிண்டு படம் அனுப்பியிருக்கிறார். நீயும் கெதியா ஒண்டு அனுப்பு. நல்லதா ஏதாவதுக்குப் பக்கத்திலை நிண்டு எடு."

எதற்குப் பக்கத்தில் நிற்பது? என்னிடம் இருந்த ஒரே வாகனம் பஸ் பாஸ். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் இரவு, தேவன் அண்ணை வாசலில் நின்று கத்தினார். அவர்தான் எங்கள் வீட்டுக்கு மூத்தவர். கமரா வைத்திருந்தவரும் அவர்தான். வெம்பிளியில் எந்தப் பிறந்தநாள், எந்தச் சாமத்தியவீடு என்றாலும் படம் எடுப்பவர் அவர்.

"டேய், வெளியிலை வந்து பாருங்கோடா! வானம் பத்தி எரியுது! வடதுருவ வெளிச்சமாம், ரேடியோவிலை சொல்லுறான். லண்டனிலை உது தெரியிறது அருமையிலும் அருமையாம்!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். வானம் பாதிக்குச் சிவந்து, ஓரத்தில் பச்சை பூசினாற்போல் அசைந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். நான் கனடாக்காரனை நினைத்தேன். அவன் காரைத்தானே காட்டினான்? நான் வானத்தையே காட்டுகிறேன்! (இந்த வெளிச்சம் கனடாவில் அடிக்கடி வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது.)

ஐந்து பேருக்கும் பொதுவாக வீட்டில் ஒரு கோட் இருந்தது. அதை மாட்டி, ரை கட்டி, பவுடர் பூசி, தெரு முடிவில் இருந்த குளத்துக்குத் தேவன் அண்ணையை இழுத்துக்கொண்டு ஓடினேன். தண்ணீரிலும் அதே சிவப்பு. கரையில் என்னை நிறுத்தி, கமராவை முக்காலியில் பூட்டினார்.

"பிளாஷ் அடிச்சா வானம் வராது. முப்பது எண்ணுமட்டும் கமராக் கண்ணைத் திறந்து வைக்கப்போறன். மூச்சும் விடாதை. அசைஞ்சது ஒண்டும் படத்திலை விழாது. அசைஞ்சியோ, கலியாணம் துலைஞ்சுது. ஒண்டு… ரெண்டு…"

நான் சுகந்தியை நினைத்துச் சிரித்தபடி நின்றேன். ஐந்தாவதில் பக்கத்துப் புல்லுக்குள் 'ஸ்ஸ்ஸ்' என்றது. தலையை மட்டும் திருப்பினேன்.

"அண்ணை, ஒண்டு வருது!"

"ஆர்?"

"அன்னம்!"

"அசையாதை! ஒன்பது… பத்து…"

பள்ளிக்கூடத்தில் நான் படித்த அன்னம் மெல்ல நடக்கும். காதலுக்குத் தூது போகும். வெம்பிளி அன்னம் செட்டையை விரித்துக்கொண்டு ஓடிவந்து, கோட்டுக்குக் கீழே, நான் இங்கே எழுத விரும்பாத இடத்தில் கவ்வியது. கையை ஓங்கினேன்.

"ஐயோ, கை வையாதை!" தேவன் அண்ணை அலறினார். "இஞ்சத்தை அன்னமெல்லாம் மகாராணியின்ர! அடிச்சியெண்டா உன்ர கேஸ் முடிஞ்சுது. கட்டுநாயக்காவுக்குப் பிளேன் ஏத்திவிட்டிடுவாங்கள்!"

ஓங்கிய கை தானாகக் கும்பிட்டது. ஷெல் வீச்சுக்கும் கடற்படைக்கும் தப்பி வந்த நான், ஒரு பறவையிடம் ஆங்கிலத்தில் "ஸொறி, ஸொறி" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமாக நடந்து, இடுப்பளவு குளத்துக்குள் இறங்கினேன். குளிரில் உயிர் போனது.

"முப்பது! சுப்பர்!" என்றார் அண்ணை.

இன்னொன்று எடுப்பதற்குள் முகில் மூடிவிட்டது. (அடுத்த நாள் அந்தக் கோட்டோடு நேர்முகத்துக்குப் போன நண்பனுக்கு வேலை கிடைக்கவில்லை. மணம் காரணமாக இருக்கலாம்.)

லண்டனின் சட்டன் பகுதியில் இருந்த தெரிந்தவர் ஒருவர் அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போகவிருந்தார். போரில் தபாலை நம்ப ஏலாது, அவர் கையில்தான் கொடுக்கவேண்டும். படம் கழுவும் கடையில் சனி காலைதான் கிடைத்தது. "உறையைத் திறக்காதை, விரல் அடையாளம் படும்" என்றார் அண்ணை. நானும் வலு பெருமையோடு, ஒட்டியது ஒட்டியபடி கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்படியொரு மடையன் நான்.

இரண்டு மாதம் கழித்து அக்காவின் கடிதம்.

"தம்பி, படம் கிடைச்சுது. நீ எங்கை? கோட் நிக்குது. ரை நிக்குது. தலை இருக்கிற இடத்திலை ஒரு நட்சத்திரம் தெரியுது. பக்கத்திலை வெள்ளையா என்னவோ பறக்குது. படம் கழுவின கடைக்காரர் அதிலை ஏதோ ஸ்ரிக்கரும் ஒட்டியிருக்கினம். பொம்பிளையின்ர தகப்பன் இங்கிலீஷ் வாத்தியார் எல்லோ, எல்லாருக்கும் முன்னாலை உரத்து வாசிச்சார்: 'குறை, படம் எடுத்த விதத்தில். கழுவியதில் தவறில்லை.' நான் நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தன்."

அதோடு கடிதத்தைக் கட்டிலில் எறிந்துவிட்டு அழுதேன். உண்மையாகவே அழுதேன். தேவன் அண்ணைதான் எடுத்து மறுபக்கத்தைத் திருப்பினார்.

"டேய் விசரா, இஞ்சை பார். பொம்பிளை ஓமெண்டிட்டுதாம்!"

ஏன் ஓம் என்றாள் என்று, கலியாணம் முடிந்து அவள் இங்கே வந்த பிறகு பயந்து பயந்து கேட்டேன்.

"கனடாக்காரரின்ர படத்திலை கேக்க ஒண்டும் இருக்கேல்லை," என்றாள். "உங்கட படத்தைப் பாத்ததும், இந்த மனுசனுக்கு என்ன நடந்திருக்கும் எண்டு அறியாமல் எனக்கு நித்திரை வரேல்லை."

அந்தப் படம் ஸ்ரிக்கரோடு இன்றும் எங்கள் கலியாண அல்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. நான் கறியைக் கருக்கினாலும், காரை மதிலில் இடித்தாலும், பிள்ளைகள் என் முதுகில் ஒரு துண்டுத் தாள் ஒட்டுவார்கள்: 'கழுவியதில் தவறில்லை.' போன மாதம் மகள் அல்பத்தைப் புரட்டி, "பாவம் அப்பா, முகம் மட்டும் வடிவா விழுந்திருந்தால்!" என்றாள்.

சுகந்தி அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "முகம் விழுந்திருந்தால் நான் இப்ப கனடாவிலை இருந்திருப்பன்."