வளையத்தில் வைத்த பொட்டு

ஓசூர்,
30-10-1988

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை முனிவேல் அவர்களுக்கு, மாமனார் எல்லப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மாமியார், லேத்து மிஷின் எல்லோரும் நலம். அங்கே நீங்களும் ருக்மணியும் நலமாக இருக்க, கோபத்தோடுதான் என்றாலும், வேண்டிக்கொள்கிறேன்.

தலை தீபாவளிக்கு அழைக்கத்தான் பேனாவை எடுத்தேன். பேனா முனை காகிதத்தைக் கிழிக்கிறது. வயசு இல்லை, ஆத்திரம். என் பட்டறையில், என் ஆட்கள் முன்னால், என்னைக் காட்டி "இவரை உள்ள விடாதீங்க" என்றீர்களே, நியாயமா? வானத்துக்குப் போகிற டெலஸ்கோப்புக்கு அலுமினிய வளையம் வேண்டும் என்று உங்கள் பெங்களூர் ஆபீசுக்காக நீங்கள்தானே வந்து கேட்டீர்கள்? கண்ணாடிக்காரர்கள் கனமாக இருக்கட்டும் என்றார்கள், ராக்கெட்காரர்கள் இளைக்க வை என்றார்கள், கேமராக்காரர்கள் வாரம் ஒரு புது யோசனையோடு வந்து இன்னொரு ஓட்டை போடு என்றார்கள். பெங்களூரில் ஒரே மாடியில் உட்கார்ந்துகொண்டு தங்களுக்குள் பேசாமல், எட்டாவது தாண்டாத என்னிடம் வந்து பேசினார்கள். நானும் பெரிய மனுஷன் மாதிரி எல்லோரையும் உட்காரவைத்து, லேத்து ஓட்டுகிற கரீம் வீட்டுப் பிரியாணி போட்டு, ஒரே வளையத்துக்குச் சம்மதிக்க வைத்தேன். அன்றைக்கு "மாமா, மாமா" என்றீர்கள்.

ஆயுத பூஜையில் மிஷினுக்கும் முடித்த வேலைக்கும் பொட்டு வைக்காத பட்டறை உண்டா? உள்ளே வெளிச்சம் சிதறாமல் இருக்கக் கறுப்புப் பூச்சு அடித்து மூடி வைத்திருந்த வளையத்தைத் திறந்தேன். கரீம் தடுத்தான்.

"அண்ணே, தூசு படக் கூடாதுன்னு மாப்பிள்ளை சொன்னாரே!"

"தூசுதாண்டா படக் கூடாது. இது குங்குமம்."

இப்படிச் சொன்ன அறிவாளி நான்தான், ஒத்துக்கறேன். உள்பக்கமாக, வெளிச்சம் போகிற இடமாகப் பார்த்து மூன்று பொட்டு வைத்தேன். துடைத்தால் பூச்சும் சேர்ந்து வந்துவிட்டது. மறுநாள் உங்கள் மூன்று கூட்டமும் ஒரே குரலில் என்னைத் திட்டியது. அப்பாடா, பிரியாணி போடாமலே ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போனீர்கள்! அதற்காக மாமனாரை வாசலில் நிறுத்துவதா? உடைத்த பூசணிக்காய் பக்கத்தில் நிற்கிறேன், உங்கள் மாமியார் வந்து, "திருஷ்டிக்கு ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டாவது காயும் வெச்சுட்டாங்களா?" என்கிறாள்!

இனி அந்த வளையத்தை நான் தொட மாட்டேன். வேற பட்டறை பாத்துக்குங்க. தீபாவளிக்கு உங்களைக் கூப்பிடுவது உங்கள் மாமியார், நான் இல்லை.

நோய்நொடி இல்லாமல், அந்த டெலஸ்கோப்பைவிட உயரமாகப் போய் நன்றாக இருங்கள்.

ஆத்திரம் அடங்காத மாமனார்,
எல்லப்பன்

பின்குறிப்பு: இந்தக் கடிதம் கொண்டுவரும் கரீமிடம் ஒரு பெட்டி இருக்கும். உள்ளே புது வளையம். நானும் அவனும் கையுறை போட்டுச் செய்தது. பொட்டு இல்லை, கரீம் சாட்சி. உங்களுக்குப் பட்டு வேட்டி எடுத்தாயிற்று, முதல் நாளே வந்துவிடுங்கள். மூடியைத் திறந்த கையோடு வளையத்தைத் தொட்டுவிடாதீர்கள். பொட்டை மூடியில் வைத்திருக்கிறேன்.