ரோசனைக்கு அஞ்சு வருஷம் பாண்டு

புதுச்சேரியில் இதுவரை பிறந்தவர்களிலேயே ஒரு விஷயத்தை அதிக நேரம் யோசித்தவன் எங்கள் ஹாஸ்டல் ரோசனைதான். இதை யாராவது மறுத்தால், அவர்கள் அவனோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடாதவர்கள் என்று அர்த்தம். சாம்பாரா ரசமா என்று கேட்டுவிட்டுப் பரிமாறுகிறவர் வாளியோடு நிற்பார். வரிசை முழுவதும் நிற்கும். கடைசியில் மோர்தான் கிடைக்கும்.

யோசனையை எங்கள் பக்கத்தில் ரோசனை என்போம். எதைக் கேட்டாலும் "ரோசன பண்ணித்தாம்பா சொல்லணும்" என்பான். அதுவே பேராக நின்றுவிட்டது. வகுப்பில் நிஜப் பேரைக் கூப்பிட்டால், அது தான்தானா என்று அவனே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

எழுபதுகளின் தொடக்கம். நாங்கள் இருவரும் பி.யு.சி., பட்டப்படிப்புக்கு முந்தைய ஒரு வருஷம். நான் பாகூர் பக்கம். அவன் வில்லியனூரை ஒட்டிய ஒரு மாதா கோயில் ஊர். அப்பாவுக்குப் பஞ்சாலையில் வேலை, அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். சனிக்கிழமை ஊருக்குப் போக பஸ் வந்து நின்றால், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்று யோசிப்பான். பஸ் போய்விடும். "பூட்டும்பா" என்பான். "ஆனா அடுத்த பஸ்ஸு வர்றதுக்குள்ள வெயிலு திரும்பிடும். மொதல்லேர்ந்து ரோசன பண்ணணும்."

பரீட்சையில் மட்டும் இந்தக் குணம் அவனுக்குக் கைகொடுத்தது. முக்கால்வாசிக் கேள்விக்குத்தான் பதில் எழுதுவான். எழுதியதில் ஒரு தப்பு இருக்காது. நான் எல்லாக் கேள்விக்கும் அடித்துப் பிடித்து எழுதுகிற ரகம். முடிவு வந்தபோது மருத்துவக் கல்லூரியின் கடைசி சீட்டு அவனுக்குக் கிடைத்தது. காத்திருப்போர் பட்டியலில் முதல் பேர் என்னுடையது. அவன் சேராவிட்டால் நான் டாக்டர். எங்களுக்குக் கரும்பு இருந்தது. அப்பா பணத்தைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவன் வீட்டில் அந்தப் பணம் இல்லை. டவுனில் இருந்த ஓர் அறக்கட்டளை கடன் தர முன்வந்தது. படிப்பு, சாப்பாடு, புத்தகம் எல்லாம் அவர்கள் செலவு. படித்து முடித்ததும் அவர்கள் சொல்லும் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐந்து வருஷம் வேலை பார்க்க வேண்டும். பார்த்தால் கடன் தள்ளுபடி. நடுவில் விட்டுவிட்டுப் போனால் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். இதற்கு முத்திரைப் பத்திரத்தில் ஒரு பாண்டு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வாரம் தவணை.

தோசைக்கே ஒரு மணி நேரம் யோசிக்கிறவனுக்கு மூன்று வாரம். எனக்கு அடித்தது யோகம் என்று நினைத்தேன்.

கண்டவரிடமெல்லாம் கேட்க ஆரம்பித்தான். ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டரிடம், "அண்ணே, அஞ்சு வருஷம் ஒரே கிராமத்துல இருக்கணும்னா ஒத்துக்கலாமா?" என்றான். "நான் பதினோரு வருஷமா இந்த ஒரே ரூட்ல போய்க்கினு வந்துகினு இருக்கேன், என்னைய யாருனா கேட்டாங்களா? டிக்கெட் எடுப்பா மொதல்ல" என்றார் அவர். முடி வெட்டுகிறவரிடம் கேட்டான். பாவம், அவர் நல்ல மனுஷர். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவனோடு சேர்ந்து யோசிக்க உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் அரைத்தலை கிராப்போடு ஹாஸ்டலில் திரிந்தான்.

ஒரு நாள் மத்தியானம் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது உண்மையான காரணத்தைச் சொன்னான். "பெரிய ஆஸ்பத்திரின்னா ஒரு சந்தேகம் வந்தா பக்கத்து டாக்டரக் கேக்கலாம். கிராமத்துல நான் ஒருத்தன்தானே. என்னைப் பத்தி ஒனக்குத் தெரியும். நான் ரோசன பண்ணி முடிக்கிறதுக்குள்ள எதிர்ல படுத்திருக்கிறவன் செத்துப் பூட்டா?"

ஒரு நல்ல நண்பன் அப்போது இரண்டு வார்த்தை தைரியம் சொல்லியிருப்பான். "நியாயமான பயந்தாம்பா. அவசரமே இல்ல, நல்லா ரோசன பண்ணு" என்றேன் நான். இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வாரம் ஓடியது. எங்கள் அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "இன்னாடா, கையெழுத்துப் போட்டானா? ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வா" என்று ஞாயிற்றுக்கிழமை என்னை விரட்டினார்.

போனால், ரோசனை வீட்டுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். எதிரே தட்டில் ஆட்டு ஈரல் வறுவல். பக்கத்தில் முருங்கைக்கீரைப் பொரியல், கரிசலாங்கண்ணித் துவையல், ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம்.

"இன்னாடா இது விருந்து?"

"சீட்டு கெடச்சதுக்கு ஊரே கொண்டாடுதுபா. ஆனா எல்லாரும் ஏன் ஈரலாவே கொண்டாராங்க, அதான் ரோசன பண்ணிக்கினு இருக்கேன்."

அப்போது ஒரு பெரியவர் வாசலில் வந்து துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். "தம்பி, பாண்டுன்னு கேள்விப்பட்டேன். எத்தினி நாளா?"

"ரெண்டு வாரமா பெரியப்பா."

"எவ்ளோ நாளு இருக்கும்னு சொன்னாங்க?"

"அஞ்சு வருஷம். நடுவுல வுட்டா வட்டியோட திரும்பி வருமாம்."

பெரியவர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. நாட்டு வைத்தியர் பாஷையில் பாண்டு என்றால் சோகை. ரத்தமில்லாமல் உடம்பு வெளுத்து, முகம் ஊதிப்போகும் நோய். மகன் ஏன் இன்னும் காலேஜில் சேரவில்லை என்று குழாயடியில் யாரோ கேட்க, அவன் அம்மா, "அவனுக்கு அஞ்சு வருஷம் பாண்டாம், அதான் ரோசனையாவே இருக்கான்" என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு தெருவில் யார் வீட்டில் ஆடு அடித்தாலும் ஈரல் இங்கே வந்துகொண்டிருந்தது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பெரியவருக்கு விளக்கம் சொல்லி அனுப்புவதற்குள் அந்தோணியம்மா அக்கா வந்துவிட்டார். நடவு ஆட்களுக்குத் தலைவி. பின்னால் இன்னும் நான்கு பெண்கள். அவர் நேராக ரோசனை பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். "நாத்துக்கட்டு தூக்கினா மூச்சு வாங்குதா தம்பி? குனிஞ்சி நிமுந்தா கண்ணு இருட்டுதா? சாம்பலு திங்கணும்போல இருக்குதா?"

"அதெல்லாம் இல்லக்கா. இது வேற பாண்டு. காயிதம். கடன் பத்திரம்."

"அப்போ ஒனக்கு ஒண்ணும் இல்லியா? நல்லதாப் போச்சு" என்றார் அக்கா. "எனக்கு எல்லாமே இருக்குது. அதான் இன்னா வைத்தியம் பண்றன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."

பெண்கள் தங்கள் முட்டாள்தனத்துக்குத் தாங்களே சிரித்தார்கள். ரோசனை சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் செய்வதைப் பார்த்திருக்கிறானே, அதைப்போல, அக்காவின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தான். வெள்ளைவெளேர் என்றிருந்தது. மற்ற நால்வரையும் பார்த்தான். அப்படியே. சட்டென்று என் இமையை இழுத்தான். வலித்தது. "ஒனக்கு செவப்பா இருக்குதுபா" என்றான். பிறகு அடுப்படியிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டு வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தான். பார்த்துவிட்டு உட்கார்ந்து, ஈரல் தட்டை அம்மா பக்கம் தள்ளினான்.

"ஏங்க்கா ஆஸ்பத்திரிக்குப் போவல?"

"போனேனே. ஒரு நாள் கூலி பூட்டுது. ஒரு வாரத்துக்கு மாத்திரை குடுத்தாங்க. மறுபடி போனா வேற டாக்டரு. அவருகிட்ட மொதல்லேர்ந்து சொல்லணும். மூணாவது வாட்டி போனா அவரும் மாறிட்டாரு. எத்தினி பேருகிட்டதான் சொல்றது?" கொஞ்சம் நிறுத்தி, "நீ போனா அஞ்சு வருஷமும் ஒரே எடத்துல நீயேதான் இருப்பியா?" என்றார்.

"ஆமாங்க்கா."

"அம்மாடியோ. அந்த ஊருக்காரங்க குடுத்து வெச்சவங்க."

அவனை இரண்டு வாரமாகத் தூங்கவிடாமல் அடித்த அதே ஐந்து வருஷத்தை அக்கா இப்படிச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரோசனை என் பக்கம் திரும்பி, "வெள்ளிக்கெழமை எத்தினி மணிக்குப் போவணும்?" என்றான்.

வெள்ளிக்கிழமைதான் கல்லூரியில் பணம் கட்டக் கடைசி நாள். பாண்டைக் காட்டினால்தான் அறக்கட்டளை பணம் கட்டும். பத்திரத்தை உறுதி செய்து தருகிற அதிகாரியை எங்கள் ஊரில் நொத்தேர் என்போம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வார்த்தை. அவர் ஆபீஸில் அவனும் அவன் அப்பாவும் நானும். நான் எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள். கடைசி நிமிஷத்தில் அவன் யோசித்தால் கூட இருந்து பார்க்கலாம் என்றுதான் போனேன்.

நொத்தேர் பத்திரத்தை நீட்டினார். "நல்லாப் படிச்சுப் பார்த்துட்டு..."

"வேணாம்யா, மறுபடி ரோசனை வந்துடும், குடுங்க" என்று பிடுங்கி, கண்ணை மூடித் திறப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக யோசிக்காமல் ஒரு காரியம் செய்தான். ஜாமீன்தார் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டுவிட்டான்.

நொத்தேர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "உனக்கு நீயே ஜாமீனா தம்பி? இது செல்லாது. வேற முத்திரைப் பத்திரம் வாங்கிட்டு வாங்க. மணி மூணே முக்கால். அஞ்சு மணிக்குக் காலேஜுல கவுன்ட்டர் மூடிடுவான்."

ரோசனை அப்படியே நின்றுவிட்டான். எங்கே வாங்குவது, யார் போவது, எந்தத் தெரு வழியாகப் போவது என்று யோசனை கிளம்பிவிட்டது அவன் முகத்திலேயே தெரிந்தது. சைக்கிள் என்னிடம்தான் இருந்தது. அவன் அப்பாவிடம் பத்திரத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டு தெரு தள்ளி முத்திரைப் பத்திரம் விற்பவர் கடைக்கு எதிரில் காலை ஊன்றி நின்றேன். பஞ்சர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எங்கள் சைக்கிள் அப்படிப்பட்டது. ஐந்து மணி ஆனால் நான் டாக்டர். நின்றேன். நிஜமாகவே நின்றேன், இரண்டு நிமிஷமோ மூன்று நிமிஷமோ. வேட்டியில் உள்ளங்கையைத் துடைத்துத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவன் அப்பாவை நினைத்தேன். அம்மா பக்கம் தட்டு நகர்ந்ததை நினைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆத்திரம்தான், வேறென்ன. திட்டிக்கொண்டே போய்ப் பத்திரத்தை வாங்கினேன். திரும்பும்போது ஒரு ஐஸ் வண்டியையும் இடித்துத் தள்ளினேன். நாலரை மணிக்குப் பாண்டு தயார். ஐந்துக்குள் அறக்கட்டளை பணத்தைக் கட்டிவிட்டது.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அப்பா எழுந்து போய் சைக்கிள் டயரை அமுக்கிப் பார்த்தார். "பஞ்சருன்னு சொல்லியிருக்கலாமேடா" என்று மட்டும் சொன்னார். அடுத்த வருஷம் நான் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவானேன்.

ரோசனை படித்து முடித்து, பாகூர் பக்கம் ஓர் ஆற்றங்கரை ஊரில் டாக்டராக வந்து சேர்ந்தான். கால் சுளுக்கு என்று வந்தாலும் முதலில் கீழ் இமையை இழுப்பான். தலைவலியா, இமை. தேள் கொட்டியதா, மருந்து போட்டுவிட்டு இமை. சத்து மாத்திரையைக் கொடுத்தால் போதாதென்று, நடவு நடக்கிற வரப்புக்கே போய் நின்று, விழுங்குகிறார்களா என்று பார்ப்பான். ஓர் ஆளுக்கு அரை மணி நேரம். முதலில் ஜனங்கள் முனகினார்கள். பிறகு, "எங்க டாக்டரு சும்மா ஊசி போட மாட்டாரு, ரோசன பண்ணித்தான் போடுவாரு" என்று பக்கத்து ஊர்க்காரர்களிடம் பெருமை பேசினார்கள்.

ஆபீஸ் வேலையாக ஒரு நாள் அங்கே போயிருந்தேன். கரும்பு வெட்டுகிற ஆளைப் பாம்பு கடித்துக் கட்டை வண்டியில் கொண்டுவந்தார்கள். ரோசனை யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நர்ஸுக்கு நாலு உத்தரவு, ஊசி, டிரிப், அவ்வளவுதான். ஆள் பிழைத்துக்கொண்டான். அதன் பிறகு டீயா காபியா என்று கடைக்காரர் கேட்டதற்கு ரோசனை இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டான்.

ஐந்து வருஷம் முடிந்து பத்திரம் திரும்பி வந்தது. அவன் அங்கேயேதான் இருந்தான்.

எனக்கு ஒரு தடவை நெஞ்சில் பிடித்ததுபோல இருந்தது. அவனிடம்தான் போனேன். இமையை இழுத்தான், ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தான். வைத்தவன் எடுக்கவில்லை. வெளியே கூட்டம் காத்திருக்கிறது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"இன்னாடா கேக்குது? எதா இருந்தாலும் சொல்லிடு."

"ஒண்ணுமில்லபா, வாயுதான். நல்லாத்தான் அடிக்குது" என்றான். "அன்னிக்கு நீ சைக்கிள எடுக்காம இருந்திருந்தா, இங்க டாக்டரா நீ உக்காந்திருப்பன்னு எனக்குத் தெரியும். சும்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கினு இருக்கேன், இரு."

நான் அவனை அவசரப்படுத்தவில்லை.