பனிமலை காத்த பங்குதாரர்

இந்தப் பெரும்போர் எந்த ஆண்டு நடந்தது என்பதில் எனக்கே ஐயம் உண்டு. பனி முழங்காலளவா, இடுப்பளவா என்பதும் சொல்கிறவரைப் பொறுத்து மாறுகிறது. வீரர் யார் என்பதில் மட்டும் மயக்கமில்லை. வாழ்க கார்னெட் டூலி! வட ஒண்டாரியோவின் வாடாத் திலகம், காப்பிக்கோப்பை தாங்கிய கரத்தர், பங்குவிலைத் திரையை இமையாது நோக்கும் விழியர், பொறுமையெனும் கவசத்தைப் பைஜாமாவின் மேல் அணிந்தவர், வாழ்க!

கூரை மாற்றவென்று மனைவி நோரின் ஒதுக்கிய சேமிப்பை அவர் ஒரு மருத்துவக் கஞ்சா நிறுவனத்தின் பங்குகளில் இறக்கியிருந்தார். அவர் இளமையெல்லாம் உழைத்த, பின்பு மூடப்பட்ட ஹாக்கி மட்டைத் தொழிற்சாலையில்தான் அந்நிறுவனம் குடியேறியிருந்தது. விளக்குகள் தயார், தொட்டிகள் தயார். ஆனால் அரசு ஆய்வாளர்கள் வந்து பார்த்து வளர்ப்பு உரிமம் தராமல் ஒரு விதையும் ஊன்ற முடியாது. இலையுதிர்காலம் கழிந்தது, ஏரி உறைந்தது, ஆய்வாளர்கள் வரவில்லை. இணையத்தில் வதந்திப்படைகள் அணிவகுத்தன. விலை சரிந்தது. விற்பனைப் பொத்தான் மோகினிபோல் கண்சிமிட்டி அழைத்தது. கார்னெட்டின் சுட்டுவிரல் அதன்மேல் வீழவில்லை.

"என்ன மச்சான், நம்ம செடி முளைச்சிருச்சா?" என்று, அவர் பேச்சை நம்பித் தானும் பங்கு வாங்கிய மைத்துனன் கிளேட்டன் தினமும் அம்பெய்தான்.

நோரின் முரசறைந்தாள்: "ஈஸ்டர் வரைக்கும்தான். அதுக்குள்ள உரிமம் வரலேன்னா வித்துடணும். இல்லேன்னா நான் உன்னை வித்துடுவேன்."

பங்குனிப் பனி கொட்டிய ஒரு காலையில்தான் ஆய்வாளர்கள் வரப்போகும் செய்தி எட்டியது. அடுத்தவர் வாசல் பனியைக் கேட்காமலே தள்ளிவிடுவதும், நன்றி சொல்ல வருமுன் நழுவிவிடுவதும் அவ்வூர் அறம். துதிக்கை உயர்த்திய மதயானைபோல் பிளிறி, வெண்புழுதியை வானளாவ வாரியிறைத்த தம் பனித்தள்ளும் எந்திரத்தைச் செலுத்தி, மீசையில் பனிக்கட்டி தொங்க, மூக்கு செங்காந்தளாய்ச் சிவக்க, தொழிற்சாலையின் முன்வாசலை ஒரு துகளின்றித் துடைத்து, அத்தனை பனியையும் பக்கச்சுவரோரம் மலையாய்க் குவித்தார் மாவீரர். மட்டை செய்த காலத்தில் எல்லோரும் நுழைந்தது முன்வாசல் வழியாகத்தான். காவல் விதிகளுக்காக அது செங்கல் வைத்து அடைக்கப்பட்டதையும், பக்கச்சுவரில் புது இரும்புக்கதவு வைக்கப்பட்டதையும் தாம் கிளப்பிய வெண்புழுதியில் அவர் கண்டாரில்லை.

ஆய்வாளர்கள் வந்தனர், கதவைத் தேடினர், மலையைக் கண்டனர். கார்னெட்டும் கிளேட்டனும் மண்வாரியோடு பாய்ந்து தோண்டினர். ஆனால் இறுகிய பனி கோட்டைமதிலாய் நின்றது.

"மன்னிச்சுக்கங்க, அடுத்த ஊருக்குப் போகணும், புயல் வருது," என்றார் ஆய்வாளர்.

"ஐயோ, நீங்கதான் மன்னிக்கணும்!" என்றார் கார்னெட்.

"இல்லங்க, எங்க மேலதான் தப்பு. நேத்தே சொல்லியிருக்கணும்."

மன்னிப்புகள் இருபுறமும் கணைகளாய்ப் பறந்து முடிந்ததும் வண்டி திரும்பிப் போயிற்று. கதவை மறைத்த பனியை ஊரார் வழித்து வடபுற நிழலில் ஒதுக்கினர்.

ஈஸ்டர் வந்தது. திரைமுன் அமர்ந்த கார்னெட்டின் பின்னால் நோரின் நின்றாள். "ம், அழுத்து."

"நோரின்... அந்த மலையைப் போட்டவன் நான்தான்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி சிரித்தாள். "கதவை அடைச்சது நீ. அதுக்குக் கம்பெனிய எப்படிக் குத்தம் சொல்றது? சரி, நீ போட்ட மலை உருகற வரைக்கும் பொறுக்கிறேன். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

தொடங்கிற்று இறுதிப்போர்! எதிரி, ஆயிரங்கதிர் வேந்தனாகிய ஞாயிறு. கார்னெட் மரவாடியிலிருந்து மரத்தூளை மூட்டைமூட்டையாய்ச் சுமந்து மலைக்குப் போர்வையிட்டார், அதன்மேல் தார்ப்பாய், அதன்மேல், கதிர் சாயும் திசைக்கெல்லாம் நகர்த்தப்பட்ட கடற்கரைக் குடை. மழை வந்தால் வெண்கொற்றக்குடையென அதையே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மச்சான், தாலாட்டும் பாடு," என்றான் கிளேட்டன். பிறகு குடைக்காம்பைத் தானும் பிடித்துக்கொண்டான். நோரின் காரில் கடந்து போகையில் வேகத்தைக் குறைத்து, மரத்தூளைக் கண்டும் காணாதவளாய்ச் சென்றாள். ஊர் பச்சை கட்டியது, கொசு பிறந்தது, மலை குன்றாகி, குன்று கரடியாகி, கரடி பூனையளவானது. அந்தப் பூனை இன்னும் மரத்தூளுக்கடியில் படுத்திருக்கையிலேயே ஆய்வாளர்களின் வண்டி மீண்டும் வந்து நின்றது!

ஜூனில் உரிமம் வந்தது, அதற்காகக் காத்திருந்த பங்குதாரர்கள் எல்லோரும் ஒரே நாளில் விற்றதால் விலை பாதியாகிவிட்டது, கிளேட்டனும் விற்றுவிட்டான், கார்னெட் இன்னும் விற்கவில்லை, நோரின் தன் சம்பளத்தில் கூரையை மாற்றிக்கொண்டாள்.