தலைமைப் பெட்டி

"எங்க பொட்டி எப்படிப்பா பின்னாடி வரும்?" என்று எகிறினார் ஆதிகேசவன். காக்களூர் மண்டபத்தில் அவர் மகள் ஸ்நேகாவுக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரமே இருந்தது.

மேடையைப் பூ அலங்காரம் பிடித்துக்கொண்டதால் நாதஸ்வரக்காரர்கள் மாடியறையில் வாசித்தார்கள். வாசிப்பு நெட்வொர்க் கம்பி வழியாகக் கீழே வந்து, இரு வீட்டார் பக்கமும் இருந்த ஸ்பீக்கர் பெட்டிகளில் ஒலித்தது.

சவுண்டு சர்வீஸ் சாம்சன் பொறுமையாகச் சொன்னார். "சார், ரெண்டு பொட்டியும் ஒரே கடிகாரத்த பாத்துக்கினு பாடணும். மாப்ள சைடு பொட்டி தலைவர். உங்கள்து அது சொல்ற நேரத்துக்கு ஓடும்."

ஆதிகேசவன் குடும்பம் மூன்று தலைமுறையாக யார் பின்னாலும் நின்றதில்லை. ரேஷன் கடை வேறு விஷயம்.

"தாலி ஏறுறதுக்கு முன்னாடியே எங்க ஊட்டு பொட்டி தலை குனியணுமா? மாத்து!"

மாற்றியதும் பெண் வீட்டுப் பெட்டியில் தலைவருக்கான பச்சை விளக்கு எரிந்தது. மாப்பிள்ளையின் அப்பா, பள்ளிப்பட்டு தேசப்பன், பாய்ந்து வந்தார்.

"இன்னா சம்மந்தி, உங்களுக்குப் பச்ச, எங்களுக்கு செவப்பா?"

நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை வைத்தார்கள். ஒவ்வொரு முறை மாறும்போதும் நாதஸ்வரம் விக்கியது. சரி என்று இரண்டையும் தலைவராக்கினார்கள். பெண் வீட்டுப் பக்கம் தவில் ஓய்ந்த பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் அதே தவில் தொடங்கியது.

"உங்காளுங்க கேட்டு முடிச்ச மிச்ச மேளத்ததான் நாங்க கேக்கணுமா நைனா?" என்றார் தேசப்பன்.

"அப்ப ரெண்டுமே தலைவர் வேணாம்!" என்றார் ஆதிகேசவன்.

சாம்சன் தலையில் கை வைத்தார். "சார், இந்தக் கட்டடத்துல இருக்கற எல்லா மண்டபத்துக்கும் ஒரே கம்பி. தலைவர் இல்லன்னா பொட்டிங்க சும்மா இருக்காது. எவன் கெடைக்கிறானோ அவன் பின்னாடி பூய், அவன் பாட்டயே பாடும்."

"எவன் பின்னாடி வேணாலும் போவட்டும். அவங்க பின்னாடி மட்டும் போவக் கூடாது!" சம்பந்திகள் இருவரும் ஒருவரையொருவர் காட்டி, ஒரே குரலில் சொன்னார்கள்.

இரண்டு பெட்டிகளிலும் விளக்கு அணைந்தது; நாதஸ்வரம் நின்றது. பிறகு இரு பக்கமும் பிசிறில்லாமல், ஒரே நேரத்தில், கெட்டிமேளம் முழங்கியது.

ஐயர் மந்திரத்தின் நடுவில்தான் இருந்தார். ஆனால் கெட்டிமேளம் கேட்ட பிறகு மாப்பிள்ளையின் கை நிற்குமா? தாலியைக் கட்டிவிட்டார். அட்சதை மழையாகக் கொட்டியது.

ஆதிகேசவன் கண்கலங்கிச் சம்பந்தியைத் தழுவிக்கொண்டார். "மானம் நின்னுச்சு சம்மந்தி. ரெண்டு குடும்பமும் யாருக்கும் தலை வணங்கல!"

அப்போது மாடிப்படியிலிருந்து நாதஸ்வரக்காரர் துளசிராமன் எட்டிப் பார்த்தார்.

"ஐயா, பக்கத்து மண்டபத்துக் கெட்டிமேளம் முடிஞ்சிடுச்சு. நம்மள்த ஆரம்பிக்கலாமா?"